கல்லின் கீழே கிடக்கும் மணல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதில் பிரியம் கொண்டோர் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பலர் உளர்; அவர்களுள் அநேகர், தொட்டியின் அடியில் முதலில் மணலைப் பரப்பி, அம்மணலின் மேல் கருங்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, கடைசியாக நீரை நிரப்பும் வழக்கத்தையே கைக்கொள்கின்றனர். பார்வைக்கு ரம்மியமாகத் தோன்றும் இம்முறையே அபாயத்தின் மூலம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல் முதலில் வைக்கப்பட வேண்டும்; மணல் அதன் பின்னரே வர வேண்டும்.

மணலின் மேல் நிற்கும் கல் எவ்வாறு நிலைகுலையும் என்பதை அறிய நம் கரையோர மக்களுக்கு நூற்பிரமாணம் வேண்டியதில்லை. ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பின்னர், அதன் வடபுறத்தே கடல் கரையை அரித்துக்கொண்டு சென்றதையும், ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும், அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்கள் கொண்டுவந்து போடப்பட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். கல்லணை கட்டும் பொறியியலாளர் கற்களின் கீழே வடிதுணி விரிப்பது, வந்து திரும்பும் அலை கல்லின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக்கொண்டு போகாதிருக்கும்பொருட்டே. அடிமணல் போய்விடின் எத்துணைப் பெரிய பாறையும் புரண்டுவிடும். மீன்தொட்டியில் அலை இல்லை. ஆயினும் அலையின் வேலையை மீனே செய்துவிடுகிறது. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் முதலிய நம் நீர்த்தேக்கங்களிலெல்லாம் பெருகிவிட்ட திலாப்பியாவின் ஆண்மீன், முட்டையிடும் பருவத்தில் அடிமணலை வாயால் அள்ளி வட்டக்குழி பறிக்கும். அலங்கார மீன்களாக விற்கப்படும் ஒஸ்காரும் ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களும் அதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவையும் இடைவிடாது தோண்டும் சுபாவமுடையவை. இரவில் ஒரு மீன் தோண்டிய சிறு குழி போதும், காலையில் கல் சரிந்து பக்கக் கண்ணாடியில் மோதியிருக்க.

பாரத்தைப் பற்றியும் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 3 அடி நீளமும் 1 அடி அகலமும் 1½ அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறக்குறைய 127 லீற்றர் நீரை, அதாவது 127 கிலோ பாரத்தைத் தாங்குகிறது. அப்பாரம் அடிக்கண்ணாடி முழுவதிலும் சமமாகப் பரவுவதால் கண்ணாடிக்குத் தீங்கில்லை. 10 கிலோ கல்லொன்று ஒரே கூர்முனையில் நிற்குமாயின், அதன் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கும். கண்ணாடிக்கு அதுவே சத்துரு. நீருக்குள் அக்கல் தான் விலக்கிய நீரின் எடையை இழப்பதால், ஏறத்தாழ 6.3 கிலோவாகவே நிற்கும். தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக நீரை இறைக்கும்போதோ, மேலே இருக்கும் கல் முதலில் வெளிப்பட்டுத் தன் முழு எடையையும் பெற, கீழே இருப்பவை இன்னும் நீரில் மிதப்புப் பெற்றே இருக்கும். மாதக்கணக்கில் அசையாதிருந்த அடுக்கு நீர் மாற்றும் நாளில் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேளையில் சிறு பிள்ளைகளைத் தொட்டியருகே நிற்கவிடலாகாது; தரையில் கிடக்கும் மின்சார வயர்களையும் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும்.

ஆகவே, வெறுந்தொட்டியின் அடியில் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டொன்றை விரித்து, பெரிய கல்லை அதன் அகன்ற முகம் கீழே இருக்கும்படி வைத்து, ஒவ்வொரு கல்லும் கீழ்க்கல்லை மூன்று இடங்களிலாவது தொட்டு நிற்கின்றதா என்று கையால் அசைத்துப் பார்த்து, பக்கக் கண்ணாடியிலிருந்து இரண்டு அங்குலமேனும் விலக்கி, அதன் பின்னரே மணலைச் சொரிய வேண்டும். உயரமாக அடுக்க விரும்புவோர் கற்களைச் சிலிக்கோன் பசையால் ஒட்டலாம். குளியலறைக்கென விற்கப்படும், பூஞ்சணக் கொல்லி கலந்த பசை மட்டும் மீனுக்கு நஞ்சு. கல்லைக் கொதிநீரில் வேகவைத்துச் சுத்திகரிக்கலாம் என்பது தவறான யோசனை. உள்ளே ஈரம் பொதிந்த கல் சூட்டில் வெடிக்கக்கூடும். தூரிகையால் தேய்த்துக் கழுவுதலே உத்தமம்.

இனி, முருகைக்கல். வெண்மையும் துளைகளுமாக அது அழகாயிருப்பதென்னவோ உண்மை. ஆனால் அதன் சுண்ணாம்பு கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மென்னீர் மீன்களுக்கு அது ஒவ்வாது. அக்கல்லைத் தவிர்ப்பதற்கு அதனினும் பெரிய காரணம் வேறு உண்டு. 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலையின்போது, முருகைப் பாறைகள் எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் கடல் சில பத்து மீற்றர் தூரமே ஏற, அவை தோண்டியெடுக்கப்பட்டிருந்த பெரலியவில் ஒரு கிலோமீற்றருக்கு மேலாக உட்புகுந்ததென ஆய்வாளர் கண்டனர். அந்நாளில் இத்தனை உறவுகளைப் பறிகொடுத்த நம் ஊர்களின் வரவேற்பறைகளில், சட்டம் அகழ்வதற்குத் தடை விதித்துள்ள அக்கல் அலங்காரப் பொருளாக வீற்றிருப்பதை என் மனம் ஒப்பவில்லை.

தொட்டியை விற்போர் மீனுக்கு எவ்வளவு தீனி இடுவதென்று அன்போடு சொல்லித் தருகின்றனர். கல்லை எங்ஙனம் வைப்பதென்று சொல்வோரோ அரியர். தொட்டியை வீட்டில் கொண்டுவந்து இறக்கும் அன்றே, மணல் மூட்டையை அவிழ்க்குமுன், முதற்கல்லைத் தாமே வைத்துக் காட்டிச் செல்வதை விலையோடு சேர்ந்த கடமையாக அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாங்குவோரும் அதைக் கேட்டுப் பெறக் கூச்சப்படலாகாது.