சிறுமம், பெருமம்: விடையின் மறுபாதி

‘அதிகபட்சம்’ என்று வந்தால் மீப்பெரு பொதுக் காரணி. ‘குறைந்தபட்சம்’ என்று வந்தால் மீச்சிறு பொது மடங்கு. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் இந்தக் குறுக்குவழியை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான். கணக்கைப் படிக்காமலே விடை எழுதப் பழக்கும் இதை வகுப்பறையிலிருந்து அகற்ற வேண்டும்.

600 செ.மீ. நீளமும் 450 செ.மீ. அகலமும் உள்ள அறையில், ஒரே அளவுள்ள சதுர டைல்ஸை வெட்டாமல் பதிக்கக் குறைந்தபட்சம் எத்தனை வேண்டும்? குறுக்குவழியை நம்பும் மாணவர் பொது மடங்கைத் தேடி 1800-இல் போய் நிற்பார். தேவைப்படுவதோ பொதுக் காரணி: பக்கம் 150 செ.மீ., எண்ணிக்கை 12. மறுபுறம், 500-க்குள் 12, 18 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகப்பெரிய எண்ணைக் கேட்டால் பொது மடங்கு 36-தான் வழிகாட்டும், விடை 468.

சிறுமத்தையோ பெருமத்தையோ கேட்கும் எந்தக் கணக்குக்கும் விடையில் இரண்டு பாதிகள் உண்டு. சொன்ன எண்ணிக்கையில் காரியம் முடியும் என்று காட்டுவது ஒன்று. அதற்குக் குறைவாக, அல்லது அதிகமாக, முடியவே முடியாது என்று காட்டுவது மற்றொன்று. நாம் பெரும்பாலும் முதல் பாதிக்கே முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

பையில் 10 சிவப்புப் பந்துகள், 10 நீலப் பந்துகள். பார்க்காமல் எடுக்கும்போது ஒரே நிறத்தில் இரண்டு உறுதியாகக் கிடைக்க, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? ‘இரண்டு’ என்று சொல்லும் பிள்ளை தவறாக எண்ணவில்லை. ‘கிடைக்கலாம்’ என்பதற்கு விடை சொல்கிறது. கேள்வியோ ‘கிடைத்தே தீரும்’ என்பதைப் பற்றியது. இரண்டு பந்துகள் இரு நிறமாக வந்துவிடலாம். நிறங்களே இரண்டுதான் என்பதால் மூன்றாவது பந்து தப்ப முடியாது. வெவ்வேறு நிறத்தில் இரண்டு வேண்டும் என்று மாற்றிக் கேட்டால் விடை 11 ஆகிவிடும், ஏனெனில் முதல் பத்தும் சிவப்பாகவே வரக்கூடும். இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் நல்ல வாதம் எழும்.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதினரிடம் ஒரு கணக்கு கேட்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம்; 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? வகுத்தலைப் பெரும்பாலோர் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லே இல்லாத சிறுமக் கணக்கு இது. 31 பேருந்துகள் ஏன் போதாது என்று ஒருமுறை கேட்டிருந்தால் அந்த 12 பேரும் கண்ணில் பட்டிருப்பார்கள்.

மேல்நிலை வகுப்பிலும் இதே குறைதான் வேறு உருவில் வருகிறது. 40 மீட்டர் வேலியால் செவ்வக இடம் அடைத்தால் பெருமப் பரப்பு 100 சதுர மீட்டர். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் பக்கம் 10 கிடைத்துவிடும். நிலத்தின் அகலமே 8 மீட்டர்தான் என்றால்? அந்த 10 எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. 8-க்கு 12 என்று அடைத்து 96 சதுர மீட்டர்தான் பெற முடியும். முனைப்புள்ளிகளைச் சோதிக்காத விடை பாதி விடையே.

அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும்போது இத்தகைய ஒரு கணக்கிலாவது, ‘இதைவிடக் குறைவாக ஏன் முடியாது?’ என்ற துணைவினாவைச் சேருங்கள். அதற்குத் தனி மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள்.