ஆலை ஃபயர்வாலில் டிஎன்எஸ் வடிகட்டல்: தானியக்கத்துக்கு முன் தீர வேண்டிய கேள்வி

ஆலை வலையமைப்பில் இருக்கும் கணினி வெளியுலகோடு பேசத் தொடங்கும் முன் பெரும்பாலும் ஒரு பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் தருகிறது. 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1034, 1035 ஆவணங்களாக நிலைபெற்ற இந்த ஏற்பாட்டில் பாதுகாப்புக்கென்று எதுவும் வைக்கப்படவில்லை. ஆனாலும் கேள்விதான் முதலில் வருகிறது. இணைப்பு அதன் பிறகே உண்டாகிறது. அந்த இடைவெளியில் தீய பெயரை நிறுத்துவதே டிஎன்எஸ் வடிகட்டல்.

நிறுத்துவதிலும் வகைகள் உண்டு. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் சொல்லலாம், இது என்எக்ஸ்டொமைன். கேட்டவரை ஆலைக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வரின் முகவரிக்குத் திருப்பலாம், இது சிங்க்ஹோல். பதிலே தராமல் விடலாம். பதிலைத் தந்துவிட்டு, கேட்டது யார் என்று மட்டும் பதிந்துகொள்ளலாம். ஃபயர்வாலின் அமைப்புத் திரையில் இவற்றில் பல ‘பிளாக்’ என்ற ஒரே பொத்தானுக்குக் கீழே கிடப்பதால், வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2017 மே மாதம் காட்டியது. மே 12, வெள்ளிக்கிழமை வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆனால் ஷாப்ஃப்ளோர் கணினிகளில் திருத்தம் போடுவது லைன் நிற்கும் நாளுக்காகக் காத்திருக்கும் வேலை என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிரான்ஸில் சாண்டுவில், ஸ்லோவேனியாவில் நோவோ மெஸ்டோ, இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் என ரெனோ, நிஸ்ஸான் ஆலைகள் பாதிக்கப்பட்டன. ஒரகடத்தில் இருக்கும் ரெனோ–நிஸ்ஸான் கூட்டு ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது.

வான்னாக்ரை ஒரு கணினியில் இயங்கத் தொடங்கியதும் முதலில் நீளமான, பொருளற்ற ஒரு டொமைனைத் தேடும். இணைப்புக் கிடைத்தால் தானே நின்றுவிடும். கிடைக்காவிட்டால் கோப்புகளைப் பூட்டிவிட்டு அடுத்த கணினிக்குத் தாவும். பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ் அன்றே அந்தப் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அதனால் உலகெங்கும் பரவல் தணிந்தது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், அந்தப் பெயரைத் தடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. காரணம் எளிது. மால்வேர் தேடும் பெயர் என்பதால் அதைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதுதான் எந்தத் தானியங்கிக்கும் இயல்பாகத் தோன்றும். அப்படிச் சேர்த்து என்எக்ஸ்டொமைன் பதில் தந்த வலையமைப்பு தன் தற்காப்பைத் தானே கழற்றிப் போட்டுக்கொண்டது. அதே பெயரை, உள்ளே 80ஆம் போர்ட்டில் பதில் சொல்லும் ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தால் மால்வேர் அடங்கியிருக்கும். இணையத்தை எட்டாத ஷாப்ஃப்ளோர் பகுதிகளுக்கும், பிராக்ஸி வழியாக மட்டுமே வெளியே போகும் கணினிகளுக்கும் இந்த உள்வழிதான் பயன்பட்டிருக்கும். வான்னாக்ரைக்குப் பிராக்ஸியைப் பயன்படுத்தத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான நடத்தையும் உண்டு. 2020 ஜூனில் ஹோண்டா தாக்கப்பட்டபோது ஆய்வாளர்கள் கண்டெடுத்த எகன்ஸ் ரான்சம்வேர் மாதிரி, ஹோண்டாவின் உள் டொமைன் ஒன்றைத் தேடி, எதிர்பார்த்த முகவரி வந்தால் மட்டுமே மேலே செயல்பட்டது. ‘பெயர் இல்லை’ என்ற அதே பதில் ஒன்றை அவிழ்த்துவிடுகிறது, இன்னொன்றை நிறுத்துகிறது. ஆகவே எந்தப் பெயருக்கு, எந்தப் பகுதியில், எந்தப் பதில் என்பது ஆள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எல்லாக் கருவிகளுக்கும் பிழையின்றிக் கொண்டுபோவதுதான் தானியக்கத்தின் வேலை.

கொண்டுபோகும் வேலையே இங்கே சிறியதல்ல. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம்–வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களில் கார் கம்பெனியைச் சுற்றி முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு சப்ளையர்கள் நிரம்பியிருக்கிறார்கள். சியோலிலோ டோக்கியோவிலோ ஸ்டுட்கார்ட்டிலோ தலைமையகம் வைத்திருக்கும் ஆலைக்கு அங்கிருந்து கொள்கை வரும். பக்கத்து மனையில் பிரஸ் ஷாப் நடத்துபவரிடம் ஐடி ஆள் ஒருவரே இருப்பார். பிரிண்டர் ரிப்பேரும் அவர் பொறுப்புதான். இரண்டு யூனிட், ஒரு கிடங்கு என்று மூன்று ஃபயர்வால் இருந்தாலே, கையால் செய்த அமைப்புகள் சில மாதங்களில் மூன்று விதமாகிவிடுகின்றன.

இதற்கு இன்று பரவலாக இருக்கும் வழி, இருக்க வேண்டிய நிலையை ‘பிளேபுக்’ எனப்படும் ஒரு கோப்பில் எழுதி, ஆன்சிபிள் போன்ற கருவி மூலம் ஃபயர்வாலின் ஏபிஐக்கு அனுப்புவது. ஒரே பிளேபுக்கைப் பத்து முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும் செக் மோடும் அதில் உண்டு. கோப்பு கிட் (Git) களஞ்சியத்தில் இருந்தால் யார், எப்போது, எதற்காக ஒரு பெயரைச் சேர்த்தார் என்பதும் தங்கும்.

பிழைகள் வழக்கமாக எங்கே வருகின்றன என்பதும் தெரிந்ததே. ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலில் டொமைன் பட்டியல் ஓரிடத்தில், அதைச் சுட்டும் டிஎன்எஸ் ஃபில்டர் புரொஃபைல் இன்னோர் இடத்தில், அந்த புரொஃபைல் ஒட்டப்பட வேண்டிய ஃபயர்வால் பாலிசி மூன்றாவது இடத்தில் இருக்கின்றன. முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்ட பிளேபுக் பச்சை நிறத்தில் வெற்றி என்று முடியும். ஒரு கேள்விகூட வடிகட்டப்படாது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க அனுப்பும் கட்டளை பழைய பட்டியலை முழுதாக அழித்து எழுதிவிடுவதும் நடக்கும். டொமைன்களை வகைப்படுத்தித் தரும் சந்தாச் சேவையோடு தொடர்பு அறுந்தால் கேள்விகளை விடுவதா தடுப்பதா என்பதையும் கோப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். சந்தா காலாவதியாகும் நாளில்தான் பலருக்கு இப்படி ஓர் அமைப்பு இருப்பதே தெரிய வருகிறது.

ஆக்டிவ் டைரக்டரி உள்ள ஆலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினிகள் உள் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அந்த சர்வர் வெளியே கேட்கும். ஃபயர்வால் லாகில் விழுவது சர்வரின் முகவரி மட்டுமே; நோய் பிடித்த கணினி எது என்று தெரியாது. சிங்க்ஹோல் முகவரியைத் தந்தால் அந்தக் கணினி அதைத் தேடிப் போகும். போகும் வழியில் ஃபயர்வால் இருக்கும்படி சிங்க்ஹோலைத் தனிப் பகுதியில் வைத்திருந்தால் அதன் சொந்த ஐபி பதிவாகிவிடும். என்எக்ஸ்டொமைனைவிடச் சிங்க்ஹோலை விரும்ப இது ஒன்றே போதுமான காரணம்.

வடிகட்டலை அந்த உள் சர்வரிலேயே செய்ய பைண்ட் போன்ற மென்பொருள்களில் ரெஸ்பான்ஸ் பாலிசி ஸோன் உதவுகிறது. தடைப்பட்டியல் ஒரு சாதாரண டிஎன்எஸ் ஸோனாகவே பரவுவதால், மாற்றம் நிகழ்ந்த வரிகள் மட்டும் எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்கின்றன. விலக்குகள் தனி ஸோனில், முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

விலக்குப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஐடி பிரிவு தனியாகச் சொல்ல முடியாது. இ-வே பில் இல்லாமல் சரக்கு லாரி கேட்டைத் தாண்டாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். இரண்டாம் அடுக்கு சப்ளையர் பலரும் அதற்குள் வந்துவிட்டார்கள். இவ்விரண்டின் தளங்களோடு கார் கம்பெனியின் சப்ளையர் போர்ட்டல், இயந்திரம் விற்ற கொரிய அல்லது ஜெர்மன் நிறுவனத்தின் ரிமோட் சர்வீஸ் முகவரி ஆகியவையும் சேர வேண்டும். ‘புதிதாகப் பதிவான டொமைன்’ என்ற வகையை முழுதாகத் தடுத்தால் இவற்றில் ஏதாவது ஒன்று என்றாவது சிக்கும். பட்டியலை அனுப்பும் முன் இந்தப் பெயர்கள் அனைத்தையும் கேட்டுப் பார்த்து, ஒன்று தவறினாலும் நின்றுவிடும் சோதனை இல்லாத பிளேபுக்கை உற்பத்தி வலையமைப்பில் ஓட்டக் கூடாது.

வடிகட்டலைச் சுற்றிப் போகும் வழிகளையும் அதே கோப்பில் அடைக்க வேண்டும். சில கருவிகளில் 8.8.8.8 என்று டிஎன்எஸ் முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். 53, 853 போர்ட்களில் உள் சர்வரைத் தவிர வேறு யாரும் வெளியே போகாதபடி பாலிசி வேண்டும். ஆர்எஃப்சி 8484 கொண்டுவந்த, ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் டிஎன்எஸ்ஸை போர்ட் எண்ணால் பிடிக்க முடியாது. அறிந்த சேவைகளின் பெயர்களையும் முகவரிகளையும் பட்டியலிட்டுத்தான் தடுக்க முடியும்.

லாக் என்பது இப்போது சட்டக் கடமை. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொல்கிறது. எனவே லாக் சர்வர், என்டிபி அமைப்புகளும் டிஎன்எஸ் புரொஃபைலோடு ஒரே பிளேபுக்கில் போக வேண்டும்.

கடைசியாக, எந்த நாளில் ஓட்டுவது. ஆயுத பூஜை, பொங்கல் விடுமுறைகளைத் தேர்ந்தெடுப்பது இங்கே பழக்கம். ஃபர்ம்வேர் மாற்ற அது சரியான நேரம். டிஎன்எஸ் வடிகட்டலுக்குத் தவறான நேரம். டிஸ்பாட்ச் இல்லாத நாளில் தவறான தடை எதுவும் வெளிப்படாது. ஆலை திறந்த அன்று எல்லாம் சேர்ந்து வெளிப்படும். வேலை நாளின் முற்பகலில், ஒரே யூனிட்டில், முதலில் பதிவு மட்டும் செய்யும் நிலையில் தொடங்குங்கள். ஒரு மாதக் கணக்கு மூடல் முடியும்வரை அந்த லாகைப் பார்த்த பிறகு, உற்பத்தி, டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளின் ஒப்புதலோடு தடுப்புக்கு மாற்றுங்கள்.