மைதானத்தில் ஒலிப்பது யாருடைய குரல்?



இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் பழைய பாய்க்கப்பலின் பெயர் 'திருகோணமலை'. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் அது. 1987இல் அதை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய், ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுப் புதுப்பித்தார்கள். இன்றும் நீரில் மிதக்கிறது. நம் ஊர்ப் பெயர் அன்றாடம் புழங்குகிற அந்தப் பட்டினத்துக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகமும் உண்டு. இந்த மாதம் அந்தக் கழகத்தின் ரசிகர்களில் தொடங்கி, நம் ஏகாம்பரம் மைதானம் வரை உங்களோடு பேசிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

நெப்போலியன் காலத்துப் போரில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அந்தக் கரையில் உடைந்ததாம். சீருடை மாட்டிய குரங்கு ஒன்று மட்டும் உயிரோடு கரை ஒதுங்கியதாம். பிரெஞ்சுக்காரரைக் கண்ணாலும் கண்டிராத மீனவர்கள், இது ஒற்றன்தான் என்று தீர்மானித்து அதைத் தூக்கிலிட்டுவிட்டார்களாம். கதைதான். ஆனாலும் 'குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்' என்ற பட்டம் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. எதிரணி ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டினார்கள். ஹார்ட்டில்பூல்காரர் அந்த வசையையே வாங்கித் தங்கள் விருதாக்கிக்கொண்டார்கள். கழகத்தின் வேடதாரிக்கும் குரங்கு உருவமே கொடுத்தார்கள். அந்த வேடம் போட்டுவந்த ஸ்டுவர்ட் ட்ரமண்ட் என்ற இளைஞர் 2002இல் நகர முதல்வர் தேர்தலில் நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவருடைய வாக்குறுதி. வென்றும்விட்டார். 2005, 2009 தேர்தல்களிலும் மக்கள் அவரையே தெரிவு செய்தார்கள்.

கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கும் கழகமல்ல அது. ஆனால் பருவத்தின் கடைசி வெளியூர் ஆட்டத்துக்கு அதன் ரசிகர்கள் மாறுவேடத்தில் கூட்டமாகப் போவார்கள். 2012இல் லண்டனில் சார்ல்டன் அணியோடு ஆடியபோது, நீலச் சாயம் பூசி ஸ்மர்ஃப் பொம்மைகளாகப் போனார்கள். இதற்கெல்லாம் கழக நிர்வாகத்தின் உத்தரவு ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருக்குத் தோன்றும், அடுத்தவர் சரி என்பார், அடுத்த வாரம் ஊரே கிளம்பிவிடும்.

உதைபந்தாட்ட மைதானப் பாட்டும் இப்படித்தான் பிறக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் குரல் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் வாங்குகிறார்கள். ஒரு நிமிடத்தில் அது அரங்கின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. வாங்காவிட்டால் அது அங்கேயே செத்துவிடும். நல்ல பாட்டா இல்லையா என்று கூட்டமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஒரே மூச்சில் வாங்கிப் பாட, அந்த மூச்சிலேதான் வலை கரைக்கு வருகிறது. அன்றைய மீன்பாடும் சம்மாட்டியின் குணமும் அந்த நேரத்திலேயே பாட்டுக்குள் வந்து விழும்.

அமெரிக்க அரங்குகளில் வேறு ஏற்பாடு. அதற்கு ஆட்டத்தின் அமைப்பே முதற் காரணம். உதைபந்தாட்டத்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒலிபெருக்கிக்கு அங்கே இடமே கிடையாது, அந்த நேரம் முழுவதும் கூட்டத்துக்குச் சொந்தம். அமெரிக்கர்கள் தங்கள் ஊரில் 'உதைபந்து' என்று அழைக்கிற ஆட்டமோ மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். பேஸ்போலிலும் காத்திருப்புத்தான் அதிகம். அந்த இடைவெளிகளை நிரப்ப யாராவது வேண்டுமே! 1941இல் சிக்காகோவின் ரிக்லி அரங்கு ஓர் ஓர்கனைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு நடனக் குழுக்கள் வந்தன, ராட்சதத் திரை வந்தது. எப்போது கத்த வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும் என்று திரையே சொல்லிக்கொடுக்கிறது.

தூரமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் வெளியூர் ரசிகர்கள் ரயிலேறி வந்து, ஆட்டம் பார்த்து, இரவே வீடு திரும்பிவிடலாம். அவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்குவார்கள். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு அங்கிருந்துதான் வரும். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். எதிர்ப்பாட்டுப் பாட எத்தனை பேர் போவார்கள்?

ஆனால் 'அமெரிக்கருக்குச் சொந்தக் குரல் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போல்டிமோர் நகரின் கதையைக் கேளுங்கள். 1984 மார்ச் மாதத்து இரவொன்றில் அந்நகரின் கோல்ட்ஸ் அணியை அதன் முதலாளி லொறிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். விடிந்தபோது ஊருக்கு அணி இல்லை. அணிக்கென்று 1947இலிருந்து ஒரு வாத்தியக் குழு இருந்தது. அதன் சீருடைகள் அன்றிரவு சலவைக்குப் போயிருந்தபடியால் லொறியில் ஏறாமல் தப்பின. குழுவினர் அவற்றை மீட்டு, ஒளித்து வைத்து, ஊரில் இல்லாத அணிக்காக வாசித்தார்கள். ஊர்வலங்களிலும் அடுத்த ஊர்களின் மைதானங்களிலும் வாசித்தார்கள். 1996இல் நகருக்குப் புதிய அணி வரும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், வாத்தியம் ஓயவில்லை. இதைவிடப் பெரிய ரசிகர் விசுவாசம் எந்த நாட்டு உதைபந்தாட்டத்திலும் எனக்குத் தெரியாது. அணி முதலாளியுடையதாக இருக்கலாம், குரல் ஊருடையது என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

இன்னொன்று துறைமுகத்துக்காரரான நமக்குப் பிடிக்கும். 2014 உலகக் கிண்ணத்தில் அமெரிக்க ரசிகர்கள் பிரேசிலை அதிரவைத்த ஒரு முழக்கம் 1998இல் அவர்களுடைய கடற்படை ஆயத்தப் பள்ளியில் பிறந்தது. தலைவன் ஒரு சொல்லைச் சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள்; பிறகு இரண்டு சொல், மூன்று சொல் என்று வளர்ந்து, முழு வசனமும் ஆனதும் எல்லோரும் துள்ளுவார்கள். கட்டமைப்பைப் பார்த்தால் நம் அம்பாவின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இங்கே பந்து வந்ததிலும் மாலுமிகளுக்குப் பங்கு உண்டு. 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. உதைபந்தாட்டம் நம்மோடு தங்கிவிட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் மாலையானால் எந்த வெறும் வளவிலும் பந்து ஓடுவதைக் காணலாம். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை கிண்ணியா ரசிகர்கள் பாதையில் ஏறித்தான் நகரத்து ஆட்டங்களுக்கு வர வேண்டும். கடைசிப் பாதை போய்விடுமே என்று, ஆட்டம் முடியுமுன் அரை மனதோடு எழுந்து ஓடியவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குறைப்படுவார்கள். இப்போது மோட்டார் சைக்கிள்களில் கொடியோடு வருகிறார்கள்.

ஏகாம்பரம் மைதானத்தில் ஓர் அரையிறுதி நாளில் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்று பாருங்கள். கச்சான் சரையைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர், இடதுபக்கம் ஓடுகிற பொடியனோடு கோட்டுக்கு வெளியே தானும் ஓடுவார். "ஏறு மகன், ஏறு! விடாத!" பந்து பறிபோனதும் கச்சான் கோது கீழே விழும். "நானா, அவன் நேற்றுக் கடலுக்குப் போய் வந்தவன், கால் உளையும்தானே" என்று பக்கத்தில் நிற்கும் இளைஞன் சமாதானம் சொல்வான். ஆடுபவன் யார், என்ன தொழில் செய்கிறான், நேற்றிரவு எங்கே போனான் என்பதெல்லாம் பார்ப்பவனுக்குத் தெரியும். இலட்சம் பேர் அமரும் அரங்குகளுக்கு இந்த உறவு வாய்க்காது. 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களிலும் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்குக் கூட்டம் குறையவில்லை. காரணம் இந்த உறவுதான்.

இத்தனை வளத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் குரலை இரவல் வாங்குகிறோம் என்பதுதான் என் கவலை. 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் வந்தபோது நம் மாவட்டத்து அணிக்கு 'ட்ரிங்கோ டைட்டன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவிலும் ஒரு டைட்டன்ஸ் உண்டு. ஹூஸ்டன் நகரத்து ஒய்லர்ஸ் அணி 1997இல் டென்னசி மாநிலத்துக்குப் பெயர்ந்து, 1999இல் சூட்டிக்கொண்ட பெயர் அது. லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டிலும் 2020இல் 'ஸ்டாலியன்ஸ்' என்று வென்ற யாழ்ப்பாண அணி அடுத்த ஆண்டே 'கிங்ஸ்' ஆகிவிட்டது. போட்டி நடத்துகிறவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதலாளி மாறினால் மாறுகிற பெயருக்கு ஒரு ஊர் எப்படிப் பாட்டுக் கட்டும்?

பெயரைவிட என்னை வருத்துவது ஒலிபெருக்கி. அண்மைக் காலமாக நம் சுற்றுப்போட்டிகளில் ஆட்டம் நடக்கும்போதே சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். மூலை உதை எடுக்கிற வேளையில், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த வேளையில், மேலே பெட்டி அலறுகிறது. மேளம் கொண்டு வந்த பொடியன்கள் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் இடைவெளியை நிரப்பப் பிறந்த பழக்கத்தை, இடைவெளியே இல்லாத ஆட்டத்தில் கொண்டுவந்து செருகுவது பெரிய பிழை. அறிவிப்பாளர் வேண்டும், நல்ல அறிவிப்பாளர் நம் மைதானங்களின் சொத்து. இடைவேளையில் பாட்டுப் போடுங்கள், பரிசளிப்பில் போடுங்கள். பந்து உருளும்போது பெட்டியை அணைத்து வையுங்கள்.

கூட்டத்தின் குரல் எப்போதும் நல்ல குரலாக இருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1985இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் ரசிகர் வெறியில் 39 பேர் இறந்தார்கள். அங்கும் அது கேலியிலும் வசையிலும்தான் ஆரம்பித்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கோட்டைச் சுற்றி நிற்கிற மாவட்டம் நம்முடையது. எதிரணியின் ஆட்டத்தைக் கேலி செய்யுங்கள், கூ அடியுங்கள், கோல் கீப்பரின் கையில் வெண்ணெய் என்று பாட்டுக் கட்டுங்கள். இனத்தையும் மதத்தையும் சாதியையும் தொட்டு ஒருவன் வாய் திறந்தால், அவனை அடக்க வேண்டியவர் நடுவர் அல்ல, பக்கத்தில் நிற்கும் அவனுடைய நண்பன். வீட்டுப் பெண்கள் மைதானத்துக்கு வரத் தயங்குவதற்கும் பாதிக் காரணம் நம் வாய்தான். அவர்கள் வந்து நிற்க இடமும் நிழலும் கழகங்கள் ஏற்பாடு செய்துதர வேண்டும். குரலின் தரம் தானாக உயரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கழகத்துக்கென்று கட்டிய பாட்டு, முழக்கம், எதிரணிக்குக் கொடுத்த பட்டப்பெயர், வெற்றி ஊர்வலத்தில் அடித்த மேளத்தின் தாளக்கட்டு, எது நினைவில் இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். எந்த மைதானம், ஏறக்குறைய எந்த ஆண்டு, யாருக்கு எதிரான ஆட்டம் என்று குறித்தால் நல்லது. எழுத முடியாத பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். எதிரணிக்காரர் கட்டிய பாட்டையும் விட்டுவிடாதீர்கள். நல்ல கேலியை மறுபக்கம் நின்று கேட்டவருக்குத்தான் அதிகம் நினைவிருக்கும். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்