கம்பியின் தோலும் கணிப்பொறியின் படமும்

சென்னை மாநகரின் வடபால், வியாசர்பாடியை அடுத்து, மணலிக்குச் செல்லும் வழியில் அமைந்தது கொடுங்கையூர். நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாக மலைபோற் குவிந்த இடம் என்றே பலரும் அதனை அறிவர். குப்பையிலிருந்து பொறுக்கியெடுக்கப்படும் பழைய மின்கம்பிகள், மக்கள் காயலான் கடை என்று வழங்கும் கடைகளில் நிறுத்து வாங்கப்படுகின்றன. கம்பியின் புறத்தே உள்ள செம்புக்கு ஒரு விலை, அகத்தே உள்ள செம்புக்கு வேறு விலை என்று எந்தக் கடைக்காரரும் வைப்பதில்லை. தராசுக்கு இரண்டும் ஒன்றே. மின்சாரமோ அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

1895இல் சென்னையில் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோன மின்சார டிராம் வண்டிகளை இயக்கியது நேர்திசை மின்னோட்டம். அது கம்பியின் குறுக்குப் பரப்பு முழுவதிலும் சமமாகப் பரவிச் செல்லும். இன்று வீடுகளுக்கு வருவது, நொடிக்கு 50 சுற்றுகள் மாறும் மாறுதிசை மின்னோட்டம். அது மாறுந்தோறும் கம்பியின் உள்ளே காந்தப்புலமும் மாறுகிறது. மாறும் புலம் கம்பிக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை நடுப்பகுதியில் முதன்மை மின்னோட்டத்தை எதிர்க்கின்றன. விளிம்பில் அதற்குத் துணை நிற்கின்றன. ஆதலால் மின்னோட்டம் நடுவைக் கைவிட்டு விளிம்பை நாடுகிறது. இதற்குத் தோல் விளைவு என்று பெயர்.

உருண்டை வடிவக் கடத்தியில் இவ்விளைவை 1883இல் விளக்கியவர் ஹொரேஸ் லாம்ப். எவ்வடிவக் கடத்திக்கும் பொருந்துமாறு 1885இல் விரித்துரைத்தவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தி நிலையத்தில் வேலை பார்த்த இவர், உயர்கணிதத்தைத் தாமே நூல்களைப் படித்துக் கற்றவர்.

மின்னோட்டச் செறிவு, மேற்பரப்பில் உள்ளதில் நூற்றுக்கு 37 பங்காகக் குறையும் ஆழத்தைத் தோலின் தடிப்பு என்பர். செம்பில் 50 சுற்றுக்கு அது ஏறத்தாழ 9.3 மில்லிமீட்டர், நொடிக்குப் பத்து இலட்சம் சுற்றாயின் 0.066 மில்லிமீட்டரே. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புத் தண்டில், 50 சுற்று மின்னோட்டத்துக்கு மின்தடை நூற்றுக்கு மூன்று பங்குகூட மிகுவதில்லை. விட்டத்தை 40 மில்லிமீட்டர் ஆக்கினாலோ மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடுகிறது. நான்கு மடங்கு செம்பை வாங்கியவர் நான்கு மடங்கு பயனைப் பெறுவதில்லை. மிகுந்த தடை வெப்பமாக வெளிப்படுகிறது. மண்ணுக்கடியில் புதைத்த கம்பியில் அவ்வெப்பம் மேலுறையைக் கெடுக்கும். பின்னர்த் தெருவைத் தோண்டித்தான் பழுது பார்க்க வேண்டும்.

வட்டமான கம்பிக்கு இக்கணக்கைத் தாளிலேயே போடலாம். பல கம்பிகள் அருகருகே கிடக்கும்போதும், கம்பியின் வடிவம் வட்டமல்லாதபோதும் கைக்கணக்கு திணறிப்போகும். அங்கே கணிப்பொறி உதவுகிறது. கடத்தியின் குறுக்குவெட்டைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் புலத்தைக் கணித்து, மின்னோட்டம் மிக்க இடத்தையும் குறைந்த இடத்தையும் நிறங்களால் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. டேவிட் மீக்கர் ஆக்கிய 'ஃபெம்' என்பது அவற்றுள் ஒன்று. அது விலையின்றிக் கிடைப்பது. எளிய கணிப்பொறியிலும் இயங்குவது.

பேரளவுக் கணிதம் கற்காத இளையோர் கையில் இதனைக் கொடுத்தல் தகாது என்பார் உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. பத்து இலட்சம் சுற்றுக்குத் தோலின் தடிப்பு 0.066 மில்லிமீட்டராயிருக்க, ஒருவர் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முக்கோணங்களால் கம்பியைப் பகுத்துவிட்டால், மென்பொருள் மறுத்துரைக்காது. அழகிய நிறங்களில் தவறான விடையைத் தரும். ஆயினும், தவறு நேரும் என்று கருவியை ஒளித்து வைப்பது, விரல் வெட்டுப்படும் என்று தச்சன் மகனிடமிருந்து உளியை ஒளிப்பதை ஒக்கும். இளமையிலேயே அதனைக் கொடுத்தல் வேண்டும். விடை முன்னமே தெரிந்த வட்டக் கம்பியை முதலில் கொடுத்தல் வேண்டும். 40 மில்லிமீட்டர்த் தண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மிகுதி என்பதைப் படம் காட்டாவிடின், படம் வரைந்த முறையில் பிழை உண்டு என்று மாணவன் தானே கண்டுகொள்வான். இப்பழக்கம் வந்த பின்னரே விடை தெரியாத வடிவங்களுக்குச் செல்லுதல் முறை.

அவ்வாறு சென்றாலும் படம் காட்டாதவை சில எஞ்சும். மிகப் பெரிய நிலத்தடி மின்வடங்களில், செம்பை ஒரே தண்டாக அமையாது, ஆரஞ்சுச் சுளைகளைப் போன்ற துண்டங்களாக அமைப்பதுண்டு. மில்லிக்கன் என்பவர் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, தோல் விளைவைக் குறைப்பதற்கே ஏற்பட்டது. அத்தகைய வடத்தின் குறுக்குவெட்டை ஒரு மாணவன் கணிப்பொறியில் வரைந்து, சுளைகளுக்கிடையே மெல்லிய காப்பையும் இட்டு, எல்லாவற்றையும் ஒருங்கே இணைத்துக் கணக்கிட்டால், மின்தடை குறைந்ததாகவே தோன்றாது. மின்னோட்டம் முன்போலவே விளிம்பில் நெருங்கி நிற்கும். அமைத்தவர்கள் ஏமாந்தார்களா? இல்லை. ஒவ்வொரு சுளையும் மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்யப்பட்டது. ஓர் இழை சிறிது தொலைவு விளிம்பில் ஓடும். அடுத்துச் சிறிது தொலைவு நடுவில் ஓடும். ஆகவே எந்த இழைக்கும் நிலையான புறமும் இல்லை, அகமும் இல்லை. தட்டையான படத்தில் அந்த முறுக்குக்கு இடமே இல்லை.

இதனை அறிய மாணவன் கணிப்பொறியை விட்டு எழுந்து, வெட்டுண்ட வடம் ஒன்றைக் கையிலெடுத்து, அதன் இழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுங்கையூரில் அதற்குக் காயலான் கடை வரை நடந்தால் போதும்.