20 வயசுப் பையனைக் கொடுத்து 36 வயசுக்காரரை வாங்கலாமா? பேஸ்பால் பேரங்களின் கணக்கு!

ஜூலை முடியப்போகுதுன்னாலே அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு 'பக் பக்'தான். அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கான கெடு அப்போதுதான் முடியும். கோப்பை வாய்ப்புள்ள அணி, அனுபவசாலி ஒருவரைத் தேடும். அதற்குக் கேட்கப்படும் விலை பெரும்பாலும் பணமில்லை. மைனர் லீக்கில் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இளம் வீரர்.

அந்த விலை ஏன் கனமானது? இளம் வீரர் மேஜர் லீக்குக்கு வந்துவிட்டால், சுமார் ஆறு சீசன்கள் அவர்மீது அணிக்கு உரிமை உண்டு. முதல் சில வருஷங்களில் சம்பளமும் குறைவு. சீனியரோ, ஒப்பந்தம் முடிகிறவர் என்றால் இரண்டு, மூன்று மாசம் ஆடிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

'மோசமான பேரம்' என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் ஜோடியாக வரும்: ஸ்மோல்ட்ஸ், பேக்வெல். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1987 ஆகஸ்ட். (அப்போது ஆகஸ்டிலும் கைமாற்ற வழி இருந்தது.) டெட்ராய்ட் டைகர்ஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது பிட்சரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் அதே மிச்சிகனில் வளர்ந்த பையன். பின்னாளில் 213 வெற்றிகள், 1996-ல் சை யங் விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். டெட்ராய்ட்காரர்களுக்கு வயிறு எரியாதா என்ன?

ஆனா, அந்த ஆகஸ்ட்டில் நின்று பாருங்க. ஸ்மோல்ட்ஸ் மைனர் லீக்கில் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அலெக்சாண்டரோ வந்ததும் 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. டிவிஷனில் முதலிடம் பிடித்தால்தான் அடுத்த சுற்று என்றிருந்த காலம் அது. டைகர்ஸ் டொரன்டோவை முந்தியது வெறும் 2 ஆட்டங்களில். அவர் இல்லாமல் இது நடந்திருக்காது. அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றதும், 1989-ல் அணி 103 ஆட்டங்களில் தோற்றதும் உண்மைதான். ஆனாலும் அது தெரிந்தே கொடுத்த விலை.

பேக்வெல் கதை வேற. 1990-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வாங்கியது 37 வயது லாரி ஆண்டர்சனை. அவர் ஆட்டத்தின் பின்பாதியில் வந்து வீசும் ரிலீஃப் பிட்சர். மொத்தம் 22 இன்னிங்ஸ் வீசினார், அவ்ளோதான். நல்லா வீசினார், பாஸ்டனும் டிவிஷனை வென்றது. ஆனால் அடுத்த சுற்றில் ஓக்லாண்டிடம் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறியது. சீசன் முடிந்ததும் ஆண்டர்சன் சான் டியாகோவுக்குப் போய்விட்டார். கொடுத்த ஜெஃப் பேக்வெல்லோ அந்த வருஷம் தன் மைனர் லீக்கின் சிறந்த வீரர்! தடுமாறுகிற பையனைக் கணிக்கத் தவறுவது வேறு. கண்ணெதிரே ஜொலிக்கிறவரைக் கொடுப்பது வேறு. ஹியூஸ்டனில் அவர் 449 ஹோம் ரன் அடித்தார்.

எதிர் உதாரணம் 2016 சிகாகோ கப்ஸ். 1908-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி. இளம் வீரர் க்ளேபர் டோரஸோடு மேலும் மூவரைக் கொடுத்து யாங்கீஸிடமிருந்து அரோல்டிஸ் சாப்மேனை வாங்கியது. அவருக்கு வயது 28தான். ஆனால் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது சில மாதங்களே. குடும்ப வன்முறைப் புகாரில் 30 ஆட்டத் தடையை அனுபவித்துவிட்டு வந்தவர் என்ற நெருடலும் உண்டு. ஏழாவது இறுதி ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் அவர் விட்ட ஹோம் ரன்னால் ஸ்கோர் சமமானது. 10-வது இன்னிங்ஸில் எப்படியோ கப்ஸ் ஜெயித்தது.

அந்த டிசம்பரிலேயே சாப்மேன் மறுபடி யாங்கீஸுக்கே போய்விட்டார். 2018-ல் டோரஸும் அங்கேயே அறிமுகமானார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில்! இதைச் சிகாகோ ரசிகர்கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிச்சுட்டுப் போயிடுவார்.