மொட்டை மாடியில் மூன்றடி விடுங்கள்!

மொட்டை மாடிகளுக்கு யோகம் அடித்திருக்கிறது! வடாம் காய்ந்த இடத்தில், துணி உலர்ந்த இடத்தில் இப்போது சோலார் தகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். வீட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம். கரண்டு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இப்போது மாடியைப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கட்டிடம் தீப்பிடித்தால், ஏணி வைத்து ஏறி வரும் தீயணைப்பு வீரர் மாடியில் எங்கே கால் வைப்பார்?

"மெயினை ஆஃப் பண்ணிட்டா போச்சு. இதுல என்ன சார் இருக்கு?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். அங்கேதான் சங்கதி இருக்கிறது. மெயினை அணைத்தால் தெருவிலிருந்து வரும் கரண்டு நிற்கும். மாடியில் உள்ள தகட்டின் கரண்டு நிற்காது. வெயில் இருக்கிற வரைக்கும் தகடு மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். சூரியனுக்கு ஏது சுவிட்சு? தகடுகளை வரிசையாகக் கோத்து இன்வெர்ட்டருக்கு இறக்கும் ஒயரில் பல நூறு வோல்ட் இருக்கும். அதுவும் டி.சி. கரண்டு. ஒயர் அறுந்த இடத்தில் பொறி பிடித்தால் லேசில் அணையாது.

ராத்திரியில் பயமில்லையா? அதுவும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் யு.எல். ஆய்வுக்கூடம் 2011-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. தீயணைக்க வருகிறவர்கள் கொண்டுவரும் பெரிய விளக்குகளின் வெளிச்சத்திலேயே ஆபத்தான அளவு கரண்டு வரக்கூடும் என்று தெரிந்தது.

2013 செப்டம்பர் 1. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டெலன்கோ என்ற ஊர். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்த பிரமாண்டமான குளிர்பதனக் கிடங்கில் தீ. கூரையில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோலார் தகடுகள். கூரையில் ஏறி ஓட்டை போட்டுப் புகையையும் வெப்பத்தையும் வெளியேற்றுவது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு அது நடக்கவில்லை. கரண்டுக்குப் பயந்து வீரர்களைக் கூரையில் ஏற்ற அதிகாரிகள் துணியவில்லை. தள்ளி நின்று தண்ணீர் அடித்தார்கள். ஒரு நாளுக்கு மேல் எரிந்து கிடங்கு நாசமானது. வண்டி இருந்தது, ஆள் இருந்தது. ஏறத்தான் முடியவில்லை!

இப்படி வரும் என்று கலிபோர்னியா மாநிலம் முன்கூட்டியே யோசித்திருந்தது. 2008-லேயே அங்குள்ள தீயணைப்புத் தலைமை அலுவலகம் ஒரு வழிகாட்டி போட்டது. வீட்டுக் கூரையில் தகடு பதித்தால் ஆள் ஏறி நடக்க மூன்றடி வழி விட வேண்டும். பெரிய கட்டிடம் என்றால் ஓரமாகச் சுற்றிலும் ஆறடி, சற்றுச் சிறியதற்கு நாலடி. நடுவிலும் நடைபாதை. 2012-ல் இது சர்வதேச தீ விதித்தொகுப்பிலும் ஏறியது. 2014-ல் அமெரிக்க மின் விதி இன்னொன்று சேர்த்தது. சுவிட்சைத் தட்டினால் மாடியிலிருந்து இறங்கும் ஒயரில் சில வினாடிகளுக்குள் வோல்டேஜ் விழ வேண்டும். 2017-ல் அதை மேலும் இறுக்கி, தகடுகளுக்கு நடுவே ஓடும் ஒயரையும் கணக்கில் சேர்த்தார்கள்.

"அது மரக்கூரை ஊர், நம்ம வீடு கான்கிரீட் ஆச்சே" என்பது சரியான பேச்சு. கான்கிரீட் தளத்தை இங்கே யாரும் வெட்டப் போவதில்லை. ஆனால் மொட்டை மாடிக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. மாடிப்படியில் புகை சூழ்ந்தால் ஜனங்கள் எங்கே ஓடுவார்கள்? மேலேதான். 2017 மே 31-ம் தேதி தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தபோது, புகை எப்படி உள்ளே போகவிடாமல் தடுத்தது என்பதை ஊரே பார்த்தது. (அங்கே சோலார் சம்பந்தமே இல்லை. புகையின் வேகத்துக்குச் சொன்னது.) அப்படி மேலே ஓடியவர்களைக் கைப்பிடித்து இறக்குவதற்கு, ஏணி சாயும் கைப்பிடிச் சுவர் ஓரம் காலியாக இருக்க வேண்டும்.

இங்கே பலர் தகட்டை ஆளுயரத்துக்கு மேல் இரும்புச் சட்டத்தில் தூக்கி நிறுத்துகிறார்கள். அடியில் நடக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் சட்டத்தைச் சுவர் விளிம்பு வரைக்கும் இழுத்துவிட்டால், ஏணியில் வருகிறவர் தலை தகட்டில் இடிக்கும், கை ஒயரில் படும். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஊருக்குப் போகும் அடுக்குமாடிச் செயலாளர்கள் விவகாரம் தனி!

இடம் போதாதே என்ற பேச்சு வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் தாராளமாக வழி விடலாம். தொல்லை கடைவீதியில்தான். சுவரோடு சுவர் ஒட்டிய கட்டிடங்கள், அங்குலம் விடாமல் தகடு போடும் ஆசை. இரண்டு தகடு குறைந்தால் கொஞ்சம் யூனிட் குறையும், அவ்வளவே. கீழே சரக்கு இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள்.

மின்வாரியம் மீட்டர் மாட்டுவதற்கு முன், சுவர் ஓரம் மூன்றடி இருக்கிறதா, மாடிக் கதவிலிருந்து அந்த ஓரத்துக்கு வழி இருக்கிறதா, டி.சி. ஒயரை மாடியிலேயே துண்டிக்கும் சுவிட்சும் அதைக் கீழிருந்தே தட்டும் வசதியும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் மாட்ட வேண்டாம். தீயணைப்புத் துறையும் இதற்குத் தன் அளவுகளை எழுதிக் கொடுக்கட்டும். பாக்கி ஒரு சிவப்புத் தகரப் பலகை. "மாடியில் சோலார், சுவிட்சு இங்கே" என்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்துக்கொண்டு வருகிறவர் டார்ச் அடித்துப் படித்துக்கொள்வார்.