முந்திரிகையைக் காணேல்லை

நத்தார் லீவுக்கு யாழ்ப்பாணம் போன தோழி, திரும்பி வரேக்க ரோசரியன் கன்னியர் மடத்தின் வைன் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். பேராதனையில், போர்டிங் அறையில், நாலு பேர் சுற்றியிருந்து குடிச்சம். வைன் கிளாஸ் எங்களிட்ட இல்லை. பிளேன்ரீ குடிக்கிற கோப்பைதான்.

முதல் மிடறுக்கு எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னம்: "நல்லா இருக்கு, எங்கட ஊர்ச் சாமான் எல்லே!" இந்த வசனத்தோடதான் எங்களுக்கு இப்ப பிரச்சினை.

அருட்தந்தை தோமஸ் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவறத்தின் மரபில் வந்த மடம் இது. வலிகாமம் வடக்கில் எத்தனையோ காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், சனம் வருடக்கணக்காக இடம்பெயர்ந்து கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த மண்ணோடு தொடர்புள்ள ஒரு போத்தலைக் கண்டால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் இளகின மனம் போடுற மார்க்கை நம்ப ஏலாது.

அதனால் கோப்பையைக் கழுவிவிட்டு, திரும்ப ஊற்றினம். நல்ல கடும் சிவப்பு. மணத்தில் முதலில் கறுவா, பிறகு கராம்பு. வாயில் இனிப்பு, விழுங்கின பிறகும் இனிப்பு. முந்திரிகையைத் தேடினம், காணேல்லை.

சிவப்பு வைனுக்கு நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் பழத்தோலில் இருந்து வரும். வெளிநாட்டு வைன் விமர்சனங்களில் நாங்கள் கண்டே இராத பழங்களின் பெயர்கள் வரும். எங்களுக்கு அவை தேவையில்லை. சீனி போடாத சாயத் தேத்தண்ணி நாக்கை இழுக்குமே, நாவல்பழம் தின்றால் வாய் ஒட்டுமே, அந்தத் துவர்ப்புத்தான் கணக்கு.

முந்திரிகையின் பக்க நியாயமும் இருக்கு. யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் இல்லை. கொடியைக் கத்தரித்துத்தான் காய்க்க வைக்கினம், வருடத்துக்கு இரண்டு தரம் அறுவடை. வெக்கையில் பழுக்கிற பழத்தில் புளிப்புக் குறையும். அதற்கு மேல் இவ்வளவு இனிப்பும் வாசனையும் ஏறினால், பழம் அடியில் போய்விடும்.

"இது கேக்கோட குடிக்கிற சாமான். எங்கட அம்மம்மாவும் ஒரு மிடறு குடிப்பா. பிரான்ஸ்காரன்ர அளவுகோலை இதுக்கு ஏன் வைக்கிறியள்?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த நாள் மிச்சத்தைக் குளிரவைத்து, றிச் கேக் துண்டோடு குடிச்சம். குளிரில் இனிப்பு அடங்கி, ஓரத்தில் கொஞ்சம் துவர்ப்பு எட்டிப் பார்த்தது. கேக்கோடு என்றால் பத்துக்கு எட்டு. தனியே சிவப்பு வைனாக என்றால் பத்துக்கு நாலு.

அந்த ஓரத்துத் துவர்ப்புக்காகத்தான் இதை எழுதுறம். ஒரு போகத்துப் பழத்தில் கொஞ்சத்தை மட்டும் கறுவா, கராம்பு இல்லாமல், இனிப்பைக் குறைத்துச் செய்து பார்க்கலாம். வந்தால் காசு குடுத்து வாங்குவம். பிடிக்காட்டி அதையும் சொல்லுவம். ஊர்ப்பாசத்தில் வாங்குற ஆள் ஒருக்காத்தான் வாங்கும். ருசிக்காக வாங்குற ஆள்தான் திரும்பி வரும்.

அடுத்த லீவுக்கு யாழ்ப்பாணம் போற ஆக்கள் ஒரு போத்தல் வாங்கி, குளிரவைத்துக் குடிச்சுப் பார்த்து, உங்கட மார்க்கையும் சொல்லுங்கோ. "எங்கட ஊர்" என்றதுக்கு மட்டும் மார்க் போடாதேங்கோ.